மீதி 3 கிலோ: அயலூர் அடுக்ககத்தில் ஈரத்துணி குறித்த ஓர் ஆராய்ச்சி

குடும்பத்தோடு அயல்நாடு போகிறவர்கள் ஓட்டலை விட்டுவிட்டுச் சர்வீஸ் அபார்ட்மென்டைத் தேடுவது ஏன் என்ற கேள்விக்கு மூன்று விடைகள் புழக்கத்தில் இருக்கின்றன. சமையலறை இருக்கிறது என்பது ஒன்று. இரண்டு ஓட்டல் அறைக்கு ஆகும் காசில் ஒரு வீடே கிடைக்கிறது என்பது இன்னொன்று. பிள்ளைகள் ஓடியாட இடம் உண்டு என்பது மூன்றாவது. சொல்பவர்கள் பொய்யர்கள் அல்லர். ஆனால் மூன்றையும் அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். சாட்சியத்தின் குறை அதுதான். தங்கிவிட்டுத் திரும்பியவர்களின் பெட்டியைத் திறந்தால் வேறொரு விடை, சற்று ஈரமாகவும் லேசான முடைநாற்றத்தோடும், கிடைக்கிறது. வாடகைக்கு எடுத்த அந்த இடம் ஏதோ ஒரு கணத்தில் வீடாகிவிடுகிறது; அப்படி ஆக்குவது காயப்போட்ட துணி. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். முதன்மைக் களம் சிங்கப்பூர். இவ்வகைத் தங்குமிடம் ஆசியாவில் வேர்பிடித்த ஊர்களில் அது முந்தியது என்பதோடு, அங்கே துணி எளிதில் காயாது என்பதும் தேர்வுக்குக் காரணம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1984இல் அங்கே திறந்த தங்கள் கட்டடமே ஆசிய பசிபிக் வட்டாரத்தில் பன்னாட்டுத் தரத்தில் அமைந்த முதல் சர்வீஸ் குடியிருப்பு என்று ஆஸ்காட் நிறுவனம் சொல்லிக்கொள்கிறது. அப்போது அதற்குரிய வாடிக்கையாளர், மாதக்கணக்கில் வேலையாக அனுப்பப்பட்ட கம்பெனி அதிகாரி. தனி ஆள், ஐந்து சட்டை, இரண்டு பேன்ட். அவருக்கு ஏற்ற அளவில்தான் ஒரு வாஷிங் மெஷினைச் சமையல் மேடைக்குக் கீழே செருகினார்கள். பிறகு அதே வீட்டுக்குள் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி என்று ஒரு குடும்பம் நுழைந்தது. மேடையின் உயரம் மாறவில்லை. அதற்குக் கீழே அடங்க வேண்டிய மெஷினும் பெருக்கவில்லை. இதில் அரசின் பங்கையும் குறிப்பிட வேண்டும். சிங்கப்பூரின் நகர மறுசீரமைப்பு ஆணையம், சர்வீஸ் அபார்ட்மென்டில் குறைந்தது 7 நாள் தங்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அதற்குக் குறைவாகத் தங்குவோருக்கு ஓட்டல் உரிமம் பெற்று, சமையலறையும் வைத்து நடத்தும் விடுதிகள் உண்டு. துணிக்கணக்கில் 7 நாள் என்பது முக்கியமான எல்லை. மூன்று நாள் போனவர் அழுக்கைப் பையில் கட்டிச் சுமந்து வந்துவிடலாம். ஒரு வாரம் போனவர் துவைத்தே தீர வேண்டும். ஆணையம் இதை எண்ணித்தான் கோடு கிழித்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. எண்ணாமலே சரியான இடத்தில் கிழித்திருக்கிறது.

சிவஞான சித்தியார் இயற்றிய அருணந்தி சிவாச்சாரியார், பரபக்கத்தில் பிறர் கொள்கைகளை மறுத்துவிட்டுப் பிறகே சுபக்கத்தில் தம் கொள்கையை நாட்டினார். நல்ல முறை, அதையே கைக்கொள்வோம். அவருக்கு எதிரே உலகாயதரும் பௌத்தரும் நின்றார்கள். நமக்கு எதிரே நிற்பவர் சமையலறைவாதி.

அடுப்பு எரியும் இடமே வீடு என்பது அவர் வாதம். அது ஊர் எல்லையிலேயே அடிபடத் தொடங்குகிறது. 2022 முதல் கொப்பரைத் தேங்காயை இந்திய விமான நிலையங்களில் பெட்டிக்குள் போட்டு அனுப்ப முடிவதில்லை. எண்ணெய் மிகுந்த அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்காம். கசகசா சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள். அங்குள்ள போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கண்ணில் அது குருமாச் சாமானாகத் தெரிவதில்லை. இவ்விரண்டையும் பறிகொடுத்துப் போய்ச் சேர்ந்தால் எதிரே இண்டக்‌ஷன் அடுப்பு. அடியில் காந்தம் ஒட்டாத எதையும் அது பாத்திரமாக மதிக்காது. சேலைகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுபோன அலுமினியக் குக்கர் அதன்மேல் எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் விசில் வராது. முதல் நாள் இரவு ரசம், மறுநாள் காலை உப்புமா, மூன்றாம் நாள் முதல் வெந்நீர் என்பதே இந்தச் சமையலறைகளின் பொதுவான இறங்குமுகம். அதிலும் ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் தங்கியவருக்கு, டோபி காட் நிலையத்தில் வடகிழக்கு வழித்தட ரயிலில் ஏறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா. ஒரு நிலையத் தொலைவில் யாரோ இட்லி அவித்துக்கொண்டிருக்கும்போது இவர் ஏன் மாவு கரைக்க வேண்டும் என்பதற்குச் சமையலறைவாதியிடம் பதில் இல்லை. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் அடுப்பு துடைத்து வைத்தபடி பளபளக்கும். வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். கடைசிவரை ஓடுவது எதுவோ அதுவே இன்றியமையாதது என்று கொள்வதில் தவறிருக்க முடியாது.

மற்ற இரண்டு வாதங்களுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. செலவு குறைவென்று சொல்பவர், மிச்சமான காசு முஸ்தபா சென்டரில் எந்தத் தளத்தில் கரைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடம் தாராளம் என்பவருக்கு நாம் காட்டுவது, அந்த இடத்தில் இரண்டாம் நாளே என்ன தொங்குகிறது என்பதைத்தான்.

இனி சுபக்கம். இந்த வீடுகளில் இருக்கும் மெஷின் பெரும்பாலும் துவைப்பதையும் உலர்த்துவதையும் ஒரே உருளைக்குள் செய்யும் இரட்டைப் பிறவி. அதன் முகப்பில் இரண்டு எண்கள் இருக்கும். மாதிரிக்கு 8, 5 என்று வைத்துக்கொள்வோம்: 8 கிலோ துவைக்கும், 5 கிலோ உலர்த்தும். துவைக்கும்போது துணி நீரில் அமுங்கிக் கிடக்கலாம். உலர வேண்டுமானால் உருளைக்குள் மேலெழும்பிப் புரண்டு, சூடான காற்று ஊடே போக இடம் வேண்டும். அதனால்தான் இரண்டாவது எண் எப்போதும் சிறியது. பொறியாளர் இதை ஒளிக்கவில்லை. எண்ணாகவே எழுதி ஒட்டியிருக்கிறார். ஆனால் தமிழ்க் குடும்பம் படிப்பது முதல் எண்ணை மட்டும். காலி இடத்தோடு ஒரு மெஷினை ஓட்டுவது மின்சாரத்துக்கும் சோப்புத் தூளுக்கும் தண்ணீருக்கும் இழைக்கும் பாவம் என்ற எண்ணம், அவை மூன்றுக்குமே தனிக் கட்டணம் இல்லாத அயலூரிலும் நம்மை விடுவதில்லை. கதவு மூடும் வரை திணிக்கிறோம். திணித்த 8 கிலோவில் மெஷினால் உலர்த்த முடிவது 5. மீதி 3 கிலோ. நம் ஆராய்ச்சியின் அடித்தளம் இந்த 3 கிலோ.

பிரித்துத் துவைத்தால் போயிற்று என்பார் சிலர். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. வேகமாகச் சுற்றிப் பிழிந்த பருத்தித் துணியிலும் அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழப் பாதி அளவு நீர் நிற்கும். 8 கிலோ துணியில் 4 லிட்டர். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க, இழப்பே இல்லாமல் பார்த்தாலும், 0.67 யூனிட் மின்சாரம் வேண்டும், நான்குக்கு 2.7 யூனிட். கருவி அவ்வளவு சிக்கனமானதும் இல்லை. விளைவு, துவைத்து உலர்த்தி முடிய நான்கைந்து மணி நேரம். அத்தனை நேரமும் கதவு பூட்டியே இருக்கும். நடுவில் திறந்து ஒரு கைக்குட்டையை எடுக்க முடியாது. சிங்கப்பூரில் ஒரு நாளில் இரண்டு முறை உடை மாற்றாத உடம்பு கிடையாது. ஐந்து பேர் குடும்பத்துக்கு, அதிலும் ஒருவர் அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஜீன்ஸையே எப்போதும் உடுத்தும் கல்லூரிப் பிள்ளையாக இருந்தால், பிரித்துத் துவைப்பது என்பது ஊர் சுற்றுவதைக் கைவிட்டு மெஷினுக்குக் காவல் இருப்பது. செந்தோசாவா ஈரத்துணியா என்ற தேர்வில் குடும்பங்கள் செந்தோசாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஈரத்துணியை இரவுக்கு ஒத்திவைக்கின்றன. (மெஷினின் பொத்தான்களில் சூரியப் படமும் இலைப் படமும் இறகுப் படமும் இருக்கும். அவற்றுக்குப் பொருள் சொல்லும் பொறுப்பை எல்லாக் குடும்பங்களிலும் அப்பாக்களே ஏற்கிறார்கள். துணியை எடுத்து உதறிப் போடும் பொறுப்பை ஏற்பதில்லை. இதற்குத் தனி ஆராய்ச்சி வேண்டாம், ஊரில் நடப்பதுதான்.)

அந்த 3 கிலோ இரவில் அறைக்குள் வருகிறது. சிங்கப்பூரின் காற்றீரம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். விடியற்காலையில் 90ஐயும் தாண்டும். பால்கனி இருந்து, அதில் போடலாம் என்று அனுமதியும் இருந்தாலும், இரவில் அங்கே போட்ட துண்டு காலையில் இன்னும் கொஞ்சம் நனைந்திருக்கும். எனவே உலர வேண்டுமானால் உள்ளேதான், ஏசிக்கு எதிரேதான். 3 கிலோ துணி சுமக்கும் நீர் ஒன்றரை லிட்டர். 25 சதுர மீட்டர் பரப்பும் இரண்டரை மீட்டர் உயரமும் கொண்ட கூடத்தில் உள்ள காற்று, 25 டிகிரி வெப்பத்தில் முழுக்க நிறைந்தாலும், கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 1.4 கிலோதான். அதாவது ஒரு குடும்பத்தின் மீதித் துணி, அந்தக் கூடத்துக் காற்று முழுவதும் சேர்ந்து தாங்கக்கூடியதைவிட அதிக நீரை வைத்திருக்கிறது. ஏசி அதை வாங்கி வாங்கிக் குழாய் வழியே வெளியே கொட்டினாலொழிய துணி காயாது. ஆகவே ஏசியை நிறுத்தக் கூடாது. கதவருகே உள்ள பொந்தில் அறை அட்டை இருந்தால்தான் ஏசி ஓடும் என்றால், வெளியே போகும்போது அந்தப் பொந்தில் ஒரு பழைய நூலக அட்டையோ மளிகைக் கடையின் சலுகை அட்டையோ செருகப்படுகிறது. ஊரில் ஏசியே ஆகாது என்று சொல்லும் பாட்டி, இங்கே சட்டைகள் காய்வதற்காக இரவெல்லாம் சால்வை போர்த்திக்கொண்டு படுக்கிறார். இந்தத் தியாகத்தை எந்த ஓட்டல் அறையும் அவரிடமிருந்து பெற்றதில்லை.

துணி எங்கெங்கே தொங்குகிறது என்பதும் ஆய்வுக்குரியது. சாப்பாட்டு மேசையின் நாற்காலி முதுகுகள் சட்டைகளுக்கு. இஸ்திரிப் பலகையை விரித்து நிறுத்தினால் இரண்டு பேன்ட். சக்கரப் பெட்டியின் கைப்பிடியை முழு உயரத்துக்கு இழுத்துவிட்டால் பனியன்கள். குளியலறைக் கண்ணாடித் தடுப்பின் மேல் துண்டுகள். சேலைதான் சோதனை: ஐந்தரை மீட்டர் சேலையை நீளவாக்கில் விரிக்க அந்தக் கூடத்தில் இடம் இருக்காது, நான்காக மடித்துப் போட்டால் நடு மடிப்பு காயாது. இதற்கென்றே நைலான் கயிறும் ஒரு டஜன் கிளிப்பும் ஊரிலிருந்து கொண்டுபோகும் முன்யோசனைக்காரர்கள் உண்டு; சுங்கத்தில் கயிற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அலமாரிக் கைப்பிடிக்கும் ஜன்னல் கொக்கிக்கும் இடையே கயிறு ஏறிய மறு நிமிடமே அறைக்குக் கிழக்கு மேற்கு வந்துவிடுகிறது. குனிந்து போக வேண்டிய பக்கம், நிமிர்ந்து போகலாம் என்ற பக்கம் என்று கூடம் இரண்டாகப் பிரிகிறது. வேறொரு இடமும் உண்டு. அதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை, நிர்வாகமே எழுதி வைத்திருக்கிறது. கூரையில் உள்ள ஸ்பிரிங்க்ளர் மூக்கில் ஹேங்கரை மாட்டாதீர்கள் என்று பல விடுதிகளில் சிறு அறிவிப்பு ஒட்டியிருக்கும். தீ பரவினால் நீர் பீய்ச்ச வேண்டிய அந்த மூக்கை அடைத்து நிற்பது ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ். வழக்கமான சிவப்புக் குமிழ் 68 டிகிரிச் சூட்டில் உடையும்; ஈர ஜீன்ஸின் எடையாலும் உடையலாம். தடை அறிவிப்பு என்பது ஏற்கெனவே நடந்த ஒன்றின் கல்வெட்டு. யாரும் செய்யாத காரியத்தைச் செய்யாதே என்று எவரும் பொறித்து வைப்பதில்லை.

இந்த ஊருக்கும் ஈரத்துணிக்கும் உள்ள உறவு விடுதிகளுக்கு வெகு காலம் முந்தியது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மூன்று ரயில் தடங்கள் சந்திக்கும் டோபி காட் நிலையத்தின் பெயரிலேயே சான்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் துவைத்து, இன்றைய ஆர்ச்சர்ட் சாலையை ஒட்டிய திறந்தவெளியில் உலர்த்தினார்கள். விலை உயர்ந்த சர்வீஸ் அபார்ட்மென்டுகள் பலவும் இன்று அந்தச் சாலையை ஒட்டியே நிற்கின்றன. அன்று மைதானம் முழுக்கக் காய்ந்தது இன்று நாற்காலி முதுகில் காய்கிறது, சுருங்கியது இடம்தான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பழைய அடுக்ககங்களைப் பார்த்தால் சமையலறைச் சுவரின் வெளிப்புறத்தில் குழாய்த் துளைகள் இருக்கும். மூங்கில் கழியில் துணியைக் கோத்து அதில் செருகிவிட்டால் கழி வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டடுக்குப் பேருந்தின் மாடியில் போகும் சுற்றுலாக் குடும்பம் மெர்லயனைப் பார்த்ததும் கேமராவை எடுக்கிறது. இந்தக் கழிகளைப் பார்க்கும்போது எடுப்பதில்லை. அம்மாக்கள் பெருமூச்சு விடுகிறார்கள். பொறாமை கொள்ளும் அளவுக்கு ஓர் ஊரோடு ஒன்றிப்போனவரைச் சுற்றுலாப் பயணி என்று இனி எப்படி அழைப்பது?

துபாயில் நிலைமை நேர்மாறு. அங்கே குளிர்காலத்திலும் மதிய வெயிலில் கைக்குட்டை காய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் நகரின் அழகு கெடுகிறது என்று சொல்லி, பால்கனியில் துணி உலர்த்த வேண்டாம் என்று மாநகராட்சி எச்சரித்து வருகிறது. வெயில் உள்ள ஊரில் விதி தடுக்கிறது. இடம் கொடுத்த ஊரில் ஈரம் தடுக்கிறது. இரண்டு வழியிலும் துணி கூடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. நம் கொள்கை ஒரே ஊரின் தட்பவெப்பத்தை நம்பி நிற்கவில்லை என்பதற்கு இது போதும்.

இனித் தடைகளுக்கு விடை. ஓட்டலில் தங்குபவரும் துணி காயப்போடுகிறாரே, குளியல் தொட்டிக்கு மேலே சுவரிலிருந்து இழுத்து எதிர்ச்சுவரில் மாட்டும் சிறு கயிற்றை ஓட்டல்காரரே வைத்திருக்கிறாரே, அந்த அறை ஏன் வீடாகவில்லை என்று கேட்கலாம். வலுவான தடை, நம் கொள்கை இங்கே கூர்மையாக வேண்டியிருக்கிறது. அந்தக் கயிறு எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: குளியலறைக்குள், கதவுக்குப் பின்னால். அதில் தொங்குவது ஒளித்து வைத்த துணி. காலையில் அறையைச் சுத்தம் செய்ய ஆள் வருவதற்குள் அதைச் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்துவிடுவார்கள். சர்வீஸ் அபார்ட்மென்டில் துணி கூடத்துக்கு வருகிறது, வெட்கம் போய்விடுகிறது. ஆகவே ஈரத்துணி இருப்பது மட்டும் போதாது, அது வெட்கமின்றித் தொங்க வேண்டும் என்று நம் வரையறையைத் திருத்திக்கொள்கிறோம். வெட்கம் முழுவதும் போவதில்லை என்பதுதான் இதில் இன்னும் சுவையானது. இருபதாவது மாடி, எதிரே கடல், எட்டிப் பார்க்கப் பறவைகூட இல்லை. அப்போதும் உள்ளாடைகள் கொடியின் பின்வரிசையில், துண்டுகளுக்கு மறைவில்தான் போடப்படுகின்றன. கிராமத்துக் கொல்லையில் வேலிக்கு அப்பால் ஆள் நடமாட்டம் உண்டு. அங்கே இந்த வரிசை முறைக்குக் காரணம் இருந்தது. காரணம் போனபிறகும் முறை மட்டும் கடல் கடந்து வந்து நிற்கிறது. அறையில் தங்குபவருக்கு முறை கிடையாது. வீட்டில் இருப்பவருக்குத்தான் உண்டு.

பேச்சு வழக்கும் இதையே காட்டுகிறது. ‘அந்த நாற்காலியில உக்காராதே, சட்டை காயுது’ என்ற வாக்கியம் ஓட்டல் அறையில் பிறக்க வழியில்லை. உட்காரும் பொருளை உட்கார விடாமல் தடுக்கும் உரிமை, அதை வாடகைக்கு எடுத்தவருக்குக் கிடையாது. அது தன்னுடையது என்று நினைப்பவருக்கே உண்டு. சுத்தம் செய்பவர் வரும் நாளில் நடப்பது இன்னொரு சான்று. ஓட்டலைப் போலத் தினமும் வராமல், வாரத்தில் குறிப்பிட்ட சில நாள் மட்டும் ஆள் வரும் இடங்கள் பல. அந்த நாளில் விடிந்ததும் குடும்பமே எழுந்து கொடியை அவிழ்த்து, நாற்காலிகளை விடுவித்து, பாத்திரம் கழுவி, தரையையும் ஒரு முறை துடைத்துவிடுகிறது. சுத்தம் செய்ய வருகிறவர் பார்த்தால் என்ன நினைப்பார் என்ற கவலை. காசு கொடுத்து வாங்கிய சேவையைத் தாமே முன்கூட்டிச் செய்துவிட்டு, வந்தவரை வரவேற்று உட்காரச் சொல்லாத குறையாக நிற்கிறார்கள். அவர் இங்கே பணியாளர் அல்லர், விருந்தாளி. விருந்தாளி வருகிறார் என்றால் வந்து சேரும் இடம் வீடு.

அடுத்த தடை ஜப்பானிலிருந்து வருகிறது. தோக்கியோவிலும் ஒசாகாவிலும் உள்ள அடுக்கக விடுதிகள் பலவற்றில் குளியலறையே உலர்த்தும் கருவி. கூரையில் சூடான காற்று ஊதும் விசிறி, குறுக்கே ஒரு கம்பி. துணியை மாட்டிக் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினால் சில மணி நேரத்தில் எல்லாம் காய்ந்துவிடும். கூடத்தில் ஒரு கைக்குட்டை கூடத் தொங்காது. அப்படியானால் ஜப்பானில் எந்தக் குடும்பத்துக்கும் வீடு கிட்டுவதில்லையா? கிட்டுகிறது, வேறு வழியில். துணி காயும் வரை யாரும் குளிக்க முடியாது. யாராவது குளித்தால் துணி மறுபடி நனையும். முதலில் குளிப்பதா முதலில் காய்வதா என்ற பூசல் முதல் நாள் மாலையே வெடிக்கிறது. குளியலறைக்காகப் பூசல் நடக்கும் இடத்தை வேறு பெயரிட்டு அழைக்க நம்மால் முடியவில்லை. லண்டனில் மெஷின் பெரும்பாலும் சமையலறையில்தான் இருக்கும். குளியலறைக்குள் சாதாரண மின்செருகி வைக்க அங்கே விதிகள் இடம் தருவதில்லை. மடித்துணியைக் கோலால் எடுத்து உயரக் கொடியில் போட்டு, யார் கையும் படாமல் காத்த குடும்பத்தில் வந்த பாட்டி, அங்கே தோசை திருப்பும் கைக்கு ஒரு சாண் கீழே பேரனின் காலுறைகள் கண்ணாடிக்குள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு மூன்றாம் நாள் தன் நைட்டியையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார். சீர்திருத்த இயக்கங்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்ததை ஒரு மின்செருகி விதி மூன்று நாளில் முடித்துவிடுகிறது.

உண்மையிலேயே சங்கடமான தடை வேறொன்று. சில கட்டடங்களில் அறைக்குள் மெஷினே இராது. கீழ்த்தளத்தில் பொதுச் சலவை அறையும் அதில் பெரிய, தனி டிரையர்களும் இருக்கும். காசு போட்டால் முக்கால் மணி நேரத்தில் துணி அப்பளம்போல் காய்ந்து வரும். மீதி 3 கிலோ அங்கே இல்லை. நம் கொள்கைப்படி அந்தக் கட்டடத்தில் வீடு உருவாகக் கூடாது; உருவாகவில்லை என்றே நாம் துணிந்து சொல்கிறோம். அங்கே உருவாவது தெரு. டிரையர் முடியும்வரை காத்திருக்கும் வெவ்வேறு நாட்டுக் குடும்பங்கள் ஒருவரை ஒருவர் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரிக்கின்றன. பொறி நின்றபின்னும் துணியை எடுக்க வராதவரைப் பற்றி ஒன்றுகூடிக் குறை பேசுகின்றன. ஆராய்ச்சியாளர் இதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் வீடு வேண்டும் என்று போனவருக்குத் தெரு கிடைத்தால், அவர் கொடுத்த காசுக்கு அது கூடுதலா குறைவா என்பது அவரவர் தீர்மானம்.

காசைச் சொன்னதால் கடைசித் தடை. அலமாரிக்குள் தொங்கும் சலவைப் பையில் போட்டுக் கொடுத்தால் விடுதியே துவைத்து மடித்துத் தருமே, இந்தப் பாடெல்லாம் வெறும் கஞ்சத்தனம்தானே என்பார்கள். பையோடு இருக்கும் விலைப்பட்டியலை வாசித்தவர்கள் அவ்வளவு எளிதாகக் கேட்பதில்லை. அதில் விலை எடைக்கு அல்ல, உருப்படிக்கு. ஒரு பனியனைத் துவைக்கக் கேட்கும் தொகைக்குச் சிராங்கூன் சாலையில் புதிதே வாங்கிவிடலாம். இருந்தாலும் காரணம் அதுவாக மட்டும் இருக்க முடியாது. அந்தத் தொகையைப் பொருட்படுத்தத் தேவையில்லாத வசதிக்காரர்களும் நாற்காலி முதுகில்தான் காயப்போடுகிறார்கள். பட்டியலில் உள்ளாடைக்கு என ஒரு வரி இருக்கிறது. அந்த வரியில் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். தன் உள்ளாடைகளின் எண்ணிக்கையை அயல்நாட்டில் எழுத்துமூலம் அறிவிக்கும் துணிவு நம்மவரில் எவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

எஞ்சியிருப்பது கடைசி நாள் பற்றிய சிக்கல். காலி செய்ய வேண்டிய நேரம் பகல் 11 அல்லது 12. முந்தின இரவில் ஒரு முறை மெஷினை ஓட்டலாமா கூடாதா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. அழுக்கோடு ஊர் திரும்பக் கூடாது என்பது ஒரு கட்சி. ஈரத்தோடு திரும்பக் கூடாது என்பது மற்றது. பெரும்பாலும் முதல் கட்சியே வெல்கிறது, அதில் பாட்டி இருப்பதால். அதன் விலை விமான நிலையத்தில்தான் தெரியும். எடுத்துவைத்த பெட்டி 20 கிலோவில் நிற்க வேண்டும். பிழிந்து இறக்கியபோது அந்த 3 கிலோ துணியில் இருந்த ஒன்றரை லிட்டரில், ஏசி இரவெல்லாம் ஓடி ஒரு லிட்டரை எடுத்துவிட்டது என்றே கொள்வோம். அப்போதும் அரைக் கிலோ சிங்கப்பூர்த் தண்ணீர் பெட்டிக்குள் இருக்கிறது. அதை யாரும் தீர்வை கட்டிக் கொண்டுபோவதில்லை என்பதால் ஈரம் அதிகமுள்ள உருப்படியை, அதாவது ஜீன்ஸை, பெட்டியிலிருந்து எடுத்துக் கல்லூரிப் பிள்ளையை உடுத்தச் சொல்கிறார்கள். உடுத்தியிருக்கும் துணியை விமான நிலையத்தில் எடை போடுவதில்லை. 2013இல் சமோவா ஏர் என்ற சிறு நிறுவனம் பயணியையே எடை போட்டுக் கட்டணம் வசூலித்தது உண்மைதான். நல்ல வேளையாக அது சிங்கப்பூர் – சென்னைத் தடத்தில் பறந்ததில்லை.